பட்டுப்போகாத வேம்பு

2023-ஆம் ஆண்டு மார்கழியில், மழை விட்டிருந்த ஒரு காலையில் கிணற்றடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் வளவு வேம்பின் உச்சியைக் கவனித்தேன். அடிமரமும் நடுக்கொப்புகளும் பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் கொப்புகளின் நுனிகள் எல்லாம், யாரோ தீப்பந்தத்தைக் காட்டிவிட்டுப் போனதுபோலக் கருகிப் பழுப்பு நிறமாகத் தொங்கின. மழைக்காலத்தில் வெயிலால் மரம் வாட நியாயமில்லை. ஒரு வாரத்துக்குள் பழுப்பு இன்னும் கீழே இறங்கியது.

அந்த மரத்தின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் எனக்கு ஏன் அத்தனை பதற்றம் என்பது விளங்கும்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 ஆனியில் வீட்டைப் பூட்டித் திறப்பை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டார். ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்பது எல்லோருடைய எண்ணமும். உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்ட அந்த மண்ணில் மீண்டும் கால் வைத்தபோது 2016-ஆம் ஆண்டாகிவிட்டது. வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. சுவர்கள் பாதி உயரத்துக்கு நின்றன. விறாந்தையும் நடு அறையும் சந்திக்கும் இடத்தில், சீமெந்து நிலத்தைப் பிளந்துகொண்டு ஒரு வேம்பு நின்றது. யாரும் நட்டதல்ல. காகமோ மைனாவோ பழத்தைத் தின்று போட்ட விதையாக இருக்கும். நாங்கள் இல்லாத 26 ஆண்டுகளில் அந்த வீட்டில் குடியிருந்தது அதுதான்.

வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பிய பலருக்கு இத்தகைய காட்சி கிடைத்தது. வீட்டுக்குள் வேம்பு, சுவரில் ஆல், கிணற்றுக்குள் அரசு. துப்புரவு செய்தபோது பெரும்பாலானவற்றைத் தறித்தார்கள். தறிக்காமல் வீடு கட்ட முடியாது என்பதும் உண்மைதான். எங்கள் வேம்பை வெட்டப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். "நாங்கள் ஓடினாப் பிறகு இந்த வீட்டைப் பாத்தது இதுதானே. நிக்கட்டும்" என்றார். பழைய அத்திவாரத்தை மரத்துக்கு விட்டுவிட்டு, புது வீட்டைக் கிழக்கே தள்ளிக் கட்டினோம். 2019-இல் அம்மா காலமாகும்வரை, பங்குனி மாதங்களில் அதன் கீழே பழைய சேலையை விரித்து உதிரும் பூவைச் சேர்த்து வடகம் போட்டார். ஊறவைத்து அரைத்த உழுந்து, வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், வேப்பம்பூ. சிறு உருண்டைகளாகத் தட்டி வெயிலில் காயவைத்து, இலண்டனிலுள்ள என் தம்பிக்கு ஆண்டுதோறும் ஒரு பொதி போகும்.

நுனி கருகிய செய்தி அயலில் பரவியதும் ஆலோசனைகளுக்குக் குறைவிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் கைத்தொலைபேசியில் வந்திருந்த ஒரு காணொளியைக் காட்டினான். இந்தியாவில் எங்கோ தெருவோர வேம்புகள் வரிசையாகக் கருகி நின்றன. "அங்கை வேம்பு எல்லாம் அழிஞ்சு போச்சாம் ஐயா. இனி இஞ்சையும் வந்திடுமாம்" என்றான். இரண்டு நாளில் மரம் தறிக்கும் தொழிலாளி ஒருவர் படலையடிக்கு வந்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, நேர்மையான மனிதர். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, நுனி பட்டால் அடியும் பட்ட மாதிரித்தான். இப்ப தறிச்சால் கதவு நிலைக்குப் பலகை எடுக்கலாம். காய விட்டால் விறகுதான் மிஞ்சும்." சொன்ன விலையும் மோசமானதல்ல. காணியில் பங்குள்ள தம்பியிடம் தொலைபேசியில் பேசினேன். "அண்ணை, வீட்டுக்கு மேலை விழுந்தால் என்ன செய்யிறது? தறிச்சுவிடுங்கோ" என்றான். அவன் குரலிலும் தயக்கம் இருந்தது. ஆனாலும் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கு மரம் தெரியாது, அபாயம் மட்டுமே தெரியும்.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். கேள்விப்பட்டதை உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பாதே என்று இளையவர்களிடம் ஓயாமல் சொல்லிவந்தவன். ஒரு மரத்துக்கு மரண அறிவித்தல் எழுதுவதற்கு முன் அந்த விதியைக் கடைப்பிடிக்க வேண்டாமா? தொழிலாளியிடம் ஒரு கிழமை தவணை கேட்டுவிட்டுத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

காணொளியில் இருந்தது பொய்யல்ல. 2021-இன் மழைக்காலத்தில் தெலங்கானா மாநிலத்தில் பரவலாக வேம்புகள் நுனியிலிருந்து கருகின. அங்குள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பூஞ்சணமே காரணம் என்றனர். எங்கள் காலத்துப் பாடப்புத்தகத்தில் பங்கசு என்று படித்தோமே, அதுதான். பெயர் போமொப்சிஸ் அசாடிராக்டே. 1997-இல் இந்தியாவிலேயே புதிய இனமாக இனங்கண்டு பெயரிட்டார்கள். ஆகவே இது நேற்று வானத்திலிருந்து விழுந்த நோயல்ல. தமிழ்நாட்டிலும் பின்னர் வேம்புகள் இவ்வாறு கருகின.

நோய் வேலை செய்யும் விதம் இது. மழையும் ஈரப்பதனும் உள்ள நாட்களில் பூஞ்சணத்தின் வித்திகள் மழைத்துளியின் தெறிப்பில் இளந்தளிர்களைச் சென்றடைகின்றன. தேயிலைக் கொசு என்று அழைக்கப்படும் ஒரு மூட்டுப்பூச்சி வகை இதற்குத் துணைபோகிறது. பெயரில் தேயிலை இருந்தாலும் மரமுந்திரியையும் வேம்பையும் அது விட்டுவைப்பதில்லை. தளிரில் ஊசிபோன்ற வாயைக் குத்திச் சாறு உறிஞ்சுகிறது. குத்திய இடம் கருகுகிறது, அந்தக் காயம் பூஞ்சணத்துக்கு வாசலாகிறது. உள்ளே புகுந்த பூஞ்சணம் நுனியிலிருந்து அடி நோக்கி இறங்குகிறது. காய்ந்த சுள்ளியின் பட்டையில் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. அடுத்த மழைக்கான வித்திகள் அவற்றுக்குள்தான் இருக்கின்றன.

இந்தச் செய்தியைப் படித்தபோது ஒரு பழைய நினைவு வந்தது. 2000 மே மாதத்தில், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வேப்பெண்ணெய்க்கு வழங்கியிருந்த ஒரு காப்புரிமையை இரத்துச் செய்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிறேஸ் நிறுவனமும் சேர்ந்து 1994-இல் பெற்ற உரிமை அது. இந்தியக் கிராமத்தவர் காலங்காலமாக அறிந்திருந்ததைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எப்படிச் சொல்லலாம் என்று வந்தனா சிவா முதலானோர் வழக்காடினார்கள். மேன்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. அன்று செய்திமேசையில் இருந்து அந்தச் செய்தியைத் தமிழாக்கியவன் நான். வேம்பு வென்றது என்று மகிழ்ச்சியோடு தலைப்பிட்டேன். அந்தக் காப்புரிமை எதற்குத் தெரியுமா? வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு. பிற பயிர்களைப் பூஞ்சணத்திலிருந்து காக்கும் மரத்தைத் தனக்கென்றே அமைந்த ஒரு பூஞ்சணம் தின்கிறது. நஞ்சையும் கசப்பையும் வென்று பழகிய ஓர் உயிர் எங்கேனும் தோன்றிவிடும் என்பதுதான் இயற்கையின் ஏற்பாடு போலும். வேம்பு ஒன்றையும் அண்டவிடாது என்று நாம் நம்பியது மரத்தின்மேல் வைத்த பக்தி, அவ்வளவுதான்.

நூல்களும் இணையமும் ஓரளவுக்கே உதவும். ஆகவே ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரை வரச்சொன்னேன். என் பள்ளித்தோழர். வந்தவர் மரத்தை அண்ணாந்து பார்க்கவேயில்லை. முதலில் அடிமரத்தைச் சுற்றி வந்தார். வேரடியில் மண்ணைக் கிளறிப் பார்த்தார். அடியில் குடைக்காளான் எதுவும் முளைத்திருக்கிறதா, பட்டை பிளந்து பிசின் வடிகிறதா, அண்மையில் மதிலுக்கோ குழாய்க்கோ கிடங்கு வெட்டி வேரை அறுத்தோமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

பிறகு ஒரு கொப்பை வளைத்துப் பிடித்து, சட்டைப்பையிலிருந்து சிறு கத்தியை எடுத்துப் பட்டையை நகக்கண் அளவுக்குச் சுரண்டினார். கருகிய நுனியில் உள்ளே கபில நிறம். ஒரு சாண் கீழே சுரண்டினார், அங்கும் கபிலம். இன்னும் ஒரு சாண் கீழே சுரண்டியபோது ஈரமான பச்சை தெரிந்தது.

"பாத்தியோ? மரம் இதிலை நிண்டு சண்டை பிடிக்குது. நீ என்னெண்டால் செத்தவீட்டுக்குப் பறை அடிக்கப் பாக்கிறாய்" என்றார்.

எத்தனையோ நிபுணர்களைச் செவ்வி கண்டிருக்கிறேன். இத்தனை சுருக்கமான விளக்கத்தை யாரும் தந்ததில்லை.

அவர் சொன்ன சிகிச்சை இதுதான். கருகிய பகுதிக்குக் கீழே, பச்சை தெரியும் இடத்திலிருந்தும் ஒரு சாண் கீழாக வெட்டவேண்டும். மழையில்லாத நாளில் வெட்டவேண்டும். வெட்டிய சுள்ளிகளை வேலியோரத்தில் குவிக்காமல் அன்றே எரித்துவிடவேண்டும், இல்லையெனில் வித்திகள் வளவிலேயே தங்கிவிடும். கத்தியையும் வாளையும் மரத்துக்கு மரம் துடைத்துச் சுத்தம் செய்யவேண்டும். நோய் கண்ட மரத்தின் விதையை நாற்றுக்கு எடுக்கக் கூடாது, விதையோடும் இந்தப் பூஞ்சணம் செல்லும். பிறகு தளிர்க்கும்வரை காத்திருக்கவேண்டும்.

மருந்து தெளிப்பதைப் பற்றிக் கேட்டேன். இந்தியாவில் பூஞ்சணநாசினியையும் பூச்சிநாசினியையும் பரிந்துரைத்திருந்ததை நான் படித்திருந்தேன். நாற்றுமேடைக்கும் சிறு மரத்துக்கும் அது சரி என்றார். நாற்பதடி மரத்தின் உச்சிக்குத் தெளித்தால் பாதி காற்றோடு போகும், மீதி கிணற்றுக்குள் போகும். யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் கீழே தேங்கும் மழைநீரே எங்கள் குடிநீர், மேலே ஊற்றுவதெல்லாம் அந்தக் கல்லின் வெடிப்புகளால் கீழே இறங்கிவிடும். தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இட்ட உரத்தால் எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதை நானே பலதடவை எழுதியிருக்கிறேன். மேலும் வாதாட எனக்கு வாயில்லை.

அன்றிரவு தம்பியை அழைத்துச் சொன்னேன். அவன் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, தன் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் ஆஷ் மரங்களைத் தறிப்பதைப் பற்றிக் கூறினான். இதுவும் பூஞ்சணத்தால் வரும் நுனிக்கருகல்தான். கிழக்காசியாவிலிருந்து வந்த பூஞ்சணம். 1992-இல் போலந்தில் கவனிக்கப்பட்டு, 2012-இல் பிரித்தானியாவில் உறுதிப்படுத்தப்பட்டது. ஐரோப்பிய ஆஷ் மரத்துக்கு அது புதிய பகை என்பதால் அழிவும் பெரிது. வேம்பைப்போல அதில் பெரும்பாலானவை மீள்வதில்லை. ஆனாலும் மரங்களுள் ஒரு சிறு பங்கு நோயைத் தாங்கி நிற்கிறது. அபாயமில்லாத இடங்களில் அவசரப்பட்டுத் தறிக்காதீர்கள் என்று அந்நாட்டு வனவியலாளர்கள் வேண்டுவது அதனால்தான். நோயுற்றவற்றோடு நோய் தாங்குபவற்றையும் சேர்த்து வீழ்த்திவிட்டால் நாளைய விதை எங்கிருந்து வரும்? அதே பூங்காவின் குளக்கரையில் நிற்கும் வில்லோ மரங்களையும் அவன் சொன்னான். கிரிக்கெட் மட்டை செய்யும் மரத்தின் உறவு அது. ஈரமான இளவேனிலில் பூஞ்சணம் பற்றி, இலைகள் புள்ளி விழுந்து கொட்டி, நுனிகள் காயும். கோடையில் மீண்டும் தளிர்க்கும். அங்கு யாரும் அதற்காக வாளெடுப்பதில்லை.

இன்னொன்றையும் அந்த நாட்களில் படித்தேன். 1990-களின் தொடக்கத்தில் ஆபிரிக்காவின் சாகேல் பகுதியில், குறிப்பாக நைஜரில், வேம்புகள் பெருமளவில் வாடின. வேம்பு அந்த மண்ணுக்கு இருபதாம் நூற்றாண்டில் போன விருந்தாளி. உடனே கொள்ளைநோய் என்று பேச்செழுந்தது. ஆராய்ந்தவர்கள் ஒரு கிருமியைக் குற்றவாளியாகக் கண்டுபிடிக்கவில்லை. மண்ணில் ஈரம் குன்றியதும் மரங்கள் நெருக்கமாக நின்றதுமே முக்கிய காரணங்கள் என்றார்கள். ஒரே மாதிரிக் கருகினாலும் காரணம் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஆகவே எங்கள் வேம்புக்கு வந்தது தெலங்கானாவின் நோய்தான் என்று நான் இங்கே எழுதவில்லை. ஆய்வுகூடத்துக்கு அனுப்பாத ஒன்றை அச்சில் உறுதியாகச் சொல்லும் வழக்கம் என்னிடம் இல்லை.

கவாத்துக்கு யாரை அழைப்பது? பலகைக்கு விலை பேசிய அதே தொழிலாளியைத்தான். நாட்கூலி பேசினேன். பலகை போனது அவருக்கு நட்டம்தான், ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. எட்டிய கொப்புகளைக் கொக்கச்சத்தகத்தால் இழுத்தார்; எட்டாதவற்றுக்குக் கைவாளோடு ஏறினார். ஒவ்வொரு கொப்பிலும் வெட்டுமுன் பட்டையைச் சுரண்டிப் பச்சை பார்க்கும் முறையை என் தோழர் கீழே நின்று சொல்லிக்கொடுத்தார். மாலையில் வளவின் மூலையில் சுள்ளிகள் எரிந்தபோது, வேப்பம்புகையின் கசப்பு வீடு முழுவதும் நிறைந்தது. அம்மாள் வருத்தம் வந்து பாயில் கிடந்த சிறுவயது நாட்களின் மணம் அது. மரம் மொட்டையாக, அவலமாக நின்றது. தை முழுவதும் அப்படியே நின்றது. காலையில் பல் துலக்கும்போது அண்ணாந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

மாசியின் நடுவில் வெட்டிய இடங்களுக்குக் கீழே செம்புநிறத்தில் முகைகள் தெரிந்தன. பங்குனியில் மரம் தளிரால் மூடிவிட்டது. பூ மிகக் குறைவு. அந்த ஆண்டு வடகம் இல்லை, பழமும் இல்லை. இந்த நோயில் நாம் கவனிக்கத் தவறுவது இதைத்தான் என்று தோழர் சொன்னார். வளர்ந்த மரத்தை அது இலகுவில் கொல்லாது. ஆனால் பூங்கொத்தைக் கருக்கும், காயை அழுகச் செய்யும், விதையைத் தின்னும். மரங்கள் நிற்கும், அடுத்த தலைமுறைக்கு விதை இராது. நிற்கும் மரத்தை மனிதன் தறித்துவிட்டால் இரண்டு வாசல்களும் அடைபட்டுவிடும். எங்கள் வேம்பே ஒரு காகம் போட்ட விதையில் முளைத்தது என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்திலும் சில நுனிகள் கருகின, முன்னைய அளவுக்கு இல்லை. அவற்றையும் வெட்டி எரித்தோம். 2025 பங்குனியில் மரம் நிறையப் பூத்தது. பழைய சேலையைத் தேடி எடுத்து விரித்தவள் என் தங்கை. அம்மாவின் கைப்பக்குவம் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாலும், இலண்டனுக்கு ஒரு பொதி போயிற்று. தம்பி வடகத்தைப் பொரித்துவிட்டு அழைத்தான். கசப்புச் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணமுண்டு. இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சிட்னியிலும் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு ஊரில் ஒரு வளவும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உறவினரும், அந்த வளவில் யாரும் நடாத ஒரு வேம்பும் இருக்கக்கூடும். என்றாவது ஒருநாள் தொலைபேசி வரும்: "மரம் பட்டுப்போச்சு, தறிக்கட்டோ?" உடனே சம்மதிக்காதீர்கள், உடனே மறுக்கவும் வேண்டாம். அடிமரம் உக்கியிருந்தாலோ, ஒரு பக்கம் முழுவதும் வேரோடு வாடியிருந்தாலோ, வீட்டின்மேல் சாய்ந்திருந்தாலோ தறிப்பதே முறை. அப்படியில்லையெனில், ஒரு கத்தியை எடுத்துக் கருகிய நுனியிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண் கீழே பட்டையைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன நிறம் தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள்.